கடையத்திலிருந்து சென்ற கடிதம்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் பாதையில் கடையம் என்னும் ஊர் இருக்கிறது. குற்றாலத்தில் நீராடித் திரும்புகிறவர்கள் அநேகமாய் அங்கே இறங்குவதில்லை. பாரதியார் புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு, 1918-ஆம் வருஷத்தின் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் அதுதான், செல்லம்மாளின் பிறந்தகம்.

அங்கே வசித்த காலத்தில், 1920-ல், அவர் தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். கையெழுத்துப் பிரதிகளாகவே தங்கிவிட்ட தம் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை தமிழர் வீடுதோறும் விலைபோகச் செய்வது. முதற்செலவு 20,000 ரூபாய். அதைக் கடனாகத்தான் கேட்டார், தானமாக அல்ல! ஆயினும் பணம் சேரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் கவி மறைந்தார்.

இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த வேறொரு தோல்வி எனக்கு ஞாபகம் வரும். அந்நாட்டின் 1790-ஆம் வருஷத்துச் சட்டம், அங்கே குடியுள்ள நூலாசிரியர்களுக்கே பதிப்புரிமை வழங்கிற்று. ஆங்கில நாவல் கப்பலில் வந்திறங்கியதும் அச்சுக்கூடத்தார் அதை மலிவுப் பதிப்பாய்ப் போட்டு விற்றார்கள்; எழுதியவனுக்குக் காலணா கொடுக்கவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. 1837-ல் ஹென்றி கிளே என்னும் செனட்டர், பிரிட்டிஷ் ஆசிரியர்களின் விண்ணப்பத்தை ஏற்று ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். பல முறை முயன்றும் அது நிறைவேறவில்லை. 1842-ல் சார்லஸ் டிக்கன்ஸ் நேரிலேயே சென்று விருந்து மேடைகளில் நியாயம் கேட்டார். பத்திரிகைகள் அவரைப் பணத்தாசை பிடித்தவரென்று ஏசின. மலிவுப் புத்தகத்தால் ஜனங்களின் படிப்பு வளருகிறதென்பது எதிர்க் கட்சியின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அயலான் சரக்கு இனாமாய்க் கிடைக்கையில் உள்நாட்டு எழுத்தாளனுக்கு எவன் கூலி கொடுப்பான்? பிறநாட்டாருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 1891-ல்தான் பிறந்தது.

டிக்கன்ஸுக்கு அங்கே வாசகர் திரள் இருந்தது, உரிமை இல்லை. பாரதியாருக்கோ 1914-ஆம் வருஷத்து இந்தியச் சட்டப்படி உரிமை இருந்தது, தம் ஆயுளும் அதற்கு மேல் 50 வருஷமும். அச்சிடக் காசுதான் இல்லை. வறியவன் கையில் அந்த உரிமை ஒரு விற்பனைப் பத்திரமாகவே முடியும் என்பது என் எண்ணம். அவ்வாறே முடிந்தது. 1931-ல் செல்லம்மாள் அதைக் கவியின் தம்பி விசுவநாதருக்கு 4,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமைகள் தனியே பிரிந்து ஒரு வடநாட்டு வியாபாரியிடம் போய், 1946-ல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தன. தேசமெல்லாம் பாடிய பாட்டைப் படத்தில் பாட ஒருவருடைய அனுமதி வேண்டியிருந்தது. டி. கே. சண்முகம் சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாட்டைப் பாடியதற்கு நோட்டீஸ் வந்த பிறகு, நாட்டில் கிளர்ச்சி எழுந்தது.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சென்னை சர்க்கார் பாரதி நூல்களை ஏற்றுக்கொண்டது. விசுவநாதருக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபாய். செட்டியார் ஒரு காசும் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் 1955-ல் சர்க்காரும் தன் பிடியைத் தளர்த்தி, யாரும் பதிப்பிக்கலாமென்று அறிவித்தது.

குடும்பம் பெற்ற தொகைகளையும் விசுவநாதர் பெற்றதையும் கூட்டினால் 30,000 ரூபாய் ஆகிறது. 1920-ல் கடையத்திலிருந்து கடனாகக் கேட்டது 20,000.