பாட்டி தமிழிலேயே பேசட்டும்

நம் வீடுகளில் அன்றாடம் காணும் ஒரு காட்சி. பள்ளிவிட்டு வந்த பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறது. பாட்டி தமக்குத் தெரிந்த நான்கைந்து ஆங்கிலச் சொற்களைக் கோத்துப் பதில் சொல்கிறார். பிள்ளைமேல் வைத்த அன்புதான் காரணம். ஆனால், அந்த அன்பே ஒரு கதவை அடைத்துவிடுகிறது.

மனிதக் குழந்தை நெடுங்காலம் பிறரைச் சார்ந்தே வளர்கிறது. கற்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. அத்தனை ஆண்டுகளும் பெற்றோர் மட்டுமே அதைத் தாங்க முடியுமா?

தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை, மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும் 1980களில் ஆராய்ந்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால், மூத்த பிள்ளையின் வளர்ச்சி பாட்டி தோண்டிவரும் கிழங்கைப் பொறுத்தே அமைந்ததை அவர்கள் கண்டார்கள். பிள்ளை பெறும் வயது கடந்த பிறகும் பெண்கள் பல்லாண்டு வாழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றும் கருதினார்கள்.

பாட்டி தருவது உணவு மட்டும்தானா? இல்லை. மொழியையும் அவர்தான் காக்கிறார். இதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்களே சான்று.

ஒரு காலத்தில் அங்கே பள்ளியில் மாவோரி மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அடிபட்டவர்கள், தங்கள் பிள்ளைகளாவது துன்பப்படாமல் இருக்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே வளர்த்தார்கள். 1970களில் மொழியைச் சரளமாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நடுத்தலைமுறையிடம் மொழி இல்லை. என்ன செய்வது?

அந்தத் தலைமுறையைத் தாண்டிச் சென்றார்கள். 1982ஆம் ஆண்டு, வெலிங்டன் நகருக்கு அருகிலுள்ள வைனுயோமாட்டாவில் ‘கோஹாங்கா ரேயோ’ என்ற பாலர் பள்ளி தொடங்கியது. ‘மொழிக்கூடு’ என்பது அதன் பொருள். மொழி தெரிந்த தாத்தா பாட்டிமாரே அங்கு வந்து பிள்ளைகளுடன் மாவோரியில் மட்டுமே பேசினார்கள், பாடினார்கள், உண்ணவும் உறங்கவும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987இல் மாவோரி ஆட்சிமொழியாகவும் ஆனது.

அந்த முதியவர்களிடம் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழா இருந்தது? இல்லை. நேரமும் பொறுமையும் இருந்தன. ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் சொன்னார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் தங்கள் மொழியை விட்டு இறங்கி வரவில்லை.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய இந்தியர்கள் 41.6 விழுக்காடு. 2020இல் அது 59.2 விழுக்காடு. பல வீடுகளில் முழுநேரமும் தமிழில் பேசக்கூடியவர் தாத்தாவோ பாட்டியோதான். அவரும் மாறிவிட்டால், பிள்ளைக்குத் தமிழ் வகுப்பறைப் பாடமாக மட்டுமே மிஞ்சும்.

பெற்றோர்களே, உங்கள் அம்மா அப்பாவைப் பிள்ளை பார்க்கும் ஆளாக மட்டும் எண்ணாதீர்கள். சமைக்கும்போது பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும். வெந்தயம் எது, சீரகம் எது என்று பாட்டி காட்டட்டும். தொலைவில் இருந்தால் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசவிடுங்கள்.

தாத்தா பாட்டிமார்களே, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் கேட்கட்டும். பதிலை நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். முதலில் விழிக்கும், பிறகு புரிந்துகொள்ளும், ஒருநாள் உங்களிடம் தமிழிலேயே கேள்வி கேட்கும்.