சிறிய சுரங்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் கசான் பகுதியில் ஓர் எலிவளை (ஆள் ஊர்ந்து போகும் அளவு குறுகிய வளை) நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஆழம் ஏறத்தாழ 370 அடி. உள்ளே சிக்கிய 15 தொழிலாளர்களில் இருவரின் உடல்கள்தான் வெளியே வந்தன. மேகாலயாவில் எலிவளை முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலிலேயே தடைசெய்திருந்தது.

2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: நிலம் பழங்குடியினருக்கே சொந்தமானாலும், குத்தகை உரிமமும் சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்றுத்தான் நிலக்கரி எடுக்க வேண்டும். ஆகவே சின்னச் சுரங்கமானாலும் இனி முதலில் காகிதத்தில்தான் வரும். மக்கள் பேசுவதற்கான நேரம் அதுதான்.

அனுமதிக்காகத் தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால் தண்ணீர் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். மேகாலயா நிலக்கரியில் கந்தகம் அதிகம். வெட்டிய கரியில் காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலம் உருவாகி ஓடையில் இறங்குகிறது. ஓடைக் கற்களில் துரு நிறச் சேறு அப்பிக்கொள்கிறது, மீன் அற்றுப்போகிறது. கழிவுநீர் எங்கே போகும், யார் சுத்திகரிப்பார்கள், சுரங்கம் மூடிய பிறகும் அதைச் செய்வார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, உள்ளே ஊறும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். சுற்றிலும் கிணறு வற்றலாம். அதனால் வேலை தொடங்கும் முன்பே, கோடையிலும் மழைக்காலத்திலும், உங்கள் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி, படம் எடுத்து வையுங்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் இழப்பீட்டு வழக்கு நிற்பது கடினம்.

அடுத்தது பழைய குழிகளின் வரைபடம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், மேலே கைவிடப்பட்ட பழைய வெட்டில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வந்து 370-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கைவிடப்பட்ட வெட்டுக்கு 60 மீட்டர் தொலைவுக்குள் தனி அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் எலிவளைகள் ஊடுருவிய மண்ணில் பழைய குழிகள் எங்கே கிடக்கின்றன என்பதற்கே பல இடங்களில் வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாத திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது என்பதே என் கருத்து.

நிலம் தாழ்வது பற்றியும் கேட்க வேண்டும். கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூண்களைக் கடைசியில் வெட்டி எடுத்தால் மேலே வயலும் வீடும் விரிசல் விடும். வீடுகளுக்கும் ஓடைக்கும் கீழே தூண்கள் நிலைத்திருக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொழிலாளர் பாதுகாப்பையும் பாருங்கள்: உள்ளே இறங்குபவர்களுக்கு வெளியேற இரண்டு வழிகள் கட்டாயம். மீத்தேன் 1.25 விழுக்காட்டைத் தொட்டால் மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கான இடம், அனுமதிக்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துகிறது. குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். நிகழ்ச்சி முழுவதும் வீடியோவில் பதிவாகும். கூட்டம் கலையும் முன் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவரை இருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பேச்சோடு மனுவையும் கொடுங்கள்.

அனுமதி தந்துவிட்டார்களா? 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். ஊர்க்காரர்களால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். 2014 தடையே, கோபிலி ஆற்றில் அமில நீர் கலப்பதை எதிர்த்து அசாமின் டிமாசா மாணவர் சங்கம் போட்ட வழக்கில் வந்ததுதான். சுரங்கம் ஓடத் தொடங்கிய பின்னும், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்த அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யாரும் கேட்டு வாங்கலாம். கிணறு வற்றியது, வீடு விரிசல் விட்டது போன்ற இழப்புகளுக்கு, இழப்பீட்டுக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதே தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம்.