பால்வாடிக்கு வந்த வழி

அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்க வரும் பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று எந்த அரசு வேலைக்கும் கேட்கிற காகிதங்கள்தான் அதில் இருக்கும். சிலர் கவரில் மட்டும் கூடுதலாக இரண்டு இருக்கும். ஒன்று கணவரின் இறப்புச் சான்று. இன்னொன்று ஆதரவற்ற விதவை என்று அரசு எழுதிக் கொடுத்த சான்று. அவை இருந்தால் 35 வயது வரம்பு 40 வரை நீளும், முன்னுரிமையும் கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு இறப்புச் சான்று எதற்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நம் ஊர்ப் பால்வாடி டீச்சர்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பது தெரியும்.

எங்கள் தெருமுனை மையத்து டீச்சர் வந்த வழியும் அதுதான். கணவர் லாரி ஓட்டினார். ஒரு மழைநாளில் போனவர் திரும்பவில்லை. டீச்சருக்கு அப்போது 29 வயது, இடுப்பில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று. ப்ளஸ் டூ முடித்திருந்தார். அந்தப் படிப்புக்கு அதுவரை ஒரு வேலையும் இருந்ததில்லை. "பிள்ளைங்கன்னா உங்களுக்கு ரொம்ப ஆசையோ?" என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். பேட்டி எடுப்பவர்கள் கேட்கிற அசட்டுக் கேள்வி. அவர் சிரித்துவிட்டார்.

"ஆசைன்னு சொன்னா பொய்யிண்ணே. வீட்டுக்குப் பக்கத்துல வேல. என் ரெண்டையும் கூடவே வச்சுக்கலாம். மதியம் அதுங்களுக்கும் ஒரு வாய் சோறு கெடைக்கும். அப்ப எனக்கு வேற என்ன தெரியும்?"

இந்த வழியை அவர் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் சேர்ந்து போட்டு வைத்த வழி அது. சகோதரி சுப்பலட்சுமிக்குப் பதினொரு வயதில் கல்யாணம். சில காலத்திலேயே கணவனை இழந்தார். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்காமல் தகப்பனார் படிக்க வைத்தார். 1911இல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு, அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பிறகு அந்த இல்லம் இயங்கியது. அங்கே வந்த பெண்களை அவர் ஆசிரியைகளாக்கினார். விதவை வீட்டைவிட்டு வெளியே வந்து சம்பாதிக்க, ஊர் வாய் திறக்காமல் ஒப்புக்கொண்ட வேலை அன்றைக்கு டீச்சர் வேலை ஒன்றுதான்.

மகாராஷ்டிரத்திலும் இதே கதை நடந்தது. அனுதாய் வாக் 13 வயதில் மணமாகி ஆறு மாதத்தில் விதவையானவர். பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, 1945இல் தாராபாய் மோடக்கோடு சேர்ந்து போர்டி கிராமத்துக்குப் போனார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையென்று இருவரும் காத்திருக்கவில்லை. குடியிருப்பு முற்றத்துக்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கன் என்றால் முற்றம். நம் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்துச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கும் சொல் அந்த முற்றத்திலிருந்து வந்தது.

இந்த வரிசையில் ஆண் ஒருவரையும் சொல்ல வேண்டும். கிஜுபாய் பதேகா குஜராத்தில் வழக்கறிஞராக இருந்தவர். தனக்கு மகன் பிறந்ததும், இவனை எப்படி வளர்ப்பது என்று புத்தகங்களைப் புரட்டப் போனவர் மாண்டிசோரி கல்விமுறையில் மாட்டிக்கொண்டார். கோர்ட்டை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். பெரிய மீசைக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'மீசை வைத்த அம்மா'. அவருக்கு இந்த வேலை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த வழி. வருமானமுள்ள ஆணுக்கு அது முடிந்தது. இன்றைக்கு அங்கன்வாடிக்கு ஓர் ஆண் ஆசைப்பட்டாலும் விண்ணப்பம் போட முடியாது, அது பெண்களுக்கு மட்டுமான பணி.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கையைத் தலைகீழாக மாற்றியது எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 1982 ஜூலை 1இல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள சின்னஞ்சிறுசுகளும் அதில் சேர்ந்தார்கள். ஊர் ஊராக மையம் வந்தது, மையத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை என்றது அரசு. பிள்ளைக்குச் சோறு, தாய்க்கு வேலை, இரண்டும் ஒரே கூரையின் கீழ் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பங்கள் அதில் நிமிர்ந்தன.

ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அதே தமிழ்நாட்டில் வேறொரு கணக்கும் போட்டார்கள். அது பலருக்கு நினைவில்லை. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துக்கு ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேட ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அதே ஊர்க்காரியாக, ஏழை வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். ஆனால் அவள் பிள்ளைகள் மட்டும் நல்ல ஊட்டமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் அதே அரிசி, அதே கூலி, அதே அடுப்புதான் இவள் வீட்டிலும். அப்படியிருந்தும் இவள் பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று வளர்கிறதென்றால் இவளுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது, அதை மற்றவர்களுக்குச் சொல்லட்டும் என்பது யோசனை. பிள்ளை வளர்ப்பது தானாக வருவதில்லை, அது ஒரு கைத்திறன் என்று ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்ட அரிய நேரம் அது. இவ்வளவு புத்திசாலித்தனமான தகுதி விதியை அதற்குப் பிறகு நான் எந்த அறிவிப்பிலும் பார்க்கவில்லை.

தனியார் பள்ளிகளுக்கு வரும் வழி வேறு. பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன அம்மா, பி.எஸ்ஸி. முடித்திருக்கிறார் என்று தெரிந்ததும், "நீங்களே வரலாமே மேடம்" என்பார் பள்ளிக்காரர். ஃபீஸில் சலுகை; பிள்ளை வீடு திரும்பும் நேரம்தான் அம்மாவும் திரும்புகிற நேரம். மாமியாருக்கும் கணவருக்கும் ஆட்சேபணை இருக்காது. சம்பளத்தைப் பற்றி வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்கிற மாதிரி இருக்காது. எம்.காம்., பி.இ. படித்தவர்கள்கூட இந்த வழியில் வந்திருக்கிறார்கள். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் பலர் நின்றுவிடுவார்கள். நிற்காமல் தங்கிவிட்ட சிலர், கைக்காசைப் போட்டு மாண்டிசோரி பயிற்சி எடுக்கிறார்கள். அந்தப் பயிற்சிக்கு நம் ஊரில் பழைய வேர் உண்டு. மரியா மாண்டிசோரியே 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்கு வகுப்பெடுத்தார். உலகப் போரில் இத்தாலி குதித்ததால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் இருந்த காலமும் உண்டு. அந்த அம்மையார் 1907இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தபோது அங்கே டீச்சராக வைத்தது படித்த ஆசிரியையை அல்ல. அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகளை.

மூன்றாவது வழிதான் கசப்பானது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போனது. ஆசிரியர் பயிற்சி முடித்து ஒன்றாம் வகுப்பு நடத்தியவரை மழலை வகுப்புக்கு அனுப்புவது பதவி இறக்கம் என்றார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எனக்கு அது உறுத்தியது. கணவனை இழந்தவருக்கு உயிர்ப்பிடியாகத் தெரிந்த அதே அறை, படித்துப் பட்டயம் வாங்கியவருக்குத் தண்டனையாகத் தெரிந்தது. பிறகு 2022இல் அந்த வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். ஆசிரியர் பட்டயம் வாங்கிவிட்டு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் காலியிடத்துக்கும் காத்திருந்த பெண்களுக்கு அதுவும் ஒரு வழியாக ஆயிற்று.

எந்த வழியில் வந்தால் என்ன, உள்ளே நுழைந்த பிறகு பிள்ளைகளைச் சமாளித்தாக வேண்டும். ஜூன் மாதம் ஒருநாள் காலை எங்கள் தெரு மையத்தில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பயல், மூன்று வயதிருக்கும், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே அதிர அழுதான். ஆயாம்மா தூக்கப் போனார், டீச்சர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவனுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தார். ஒரு முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். டங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டங். அழுகை நிற்கவில்லை, ஆனால் இடையிடையே கேட்டுக்கொண்டது. பத்து நிமிடம் இருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து முறத்தில் ஒரு கொட்டையை எடுத்தது. டீச்சர் அப்போதும் திரும்பவில்லை. டப்பாவை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார்.

இதை எந்தப் பயிற்சியில் சொன்னார்கள் என்று கேட்டேன். "பயிற்சியில சொல்லலண்ணே. பதினாலு வருஷம் அழுததப் பாத்தா தெரியாதா?" என்றார். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி அந்த மாதத்துக்கான படங்கள் சுவரில் இருந்தன. பாட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையாக எடை மெஷினில் ஏற்றினார். எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றினார். நெட்வொர்க் போனதும் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு எடுத்து வைத்தார். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்தப் புளியங்கொட்டை.

2025இல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு விட்டது. பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். ஓராண்டு முடிந்தால்தான் சிறப்புக் காலமுறை ஊதியம், அதுவும் 7,700இல் தொடங்குகிறது. ஒன்றிய அரசு தன் பங்கை இன்னும் மதிப்பூதியம் என்றே குறிப்பிடுகிறது, 2018 முதல் அது 4,500 ரூபாய். சேவை மனப்பான்மையோடு வந்தவர்களுக்குக் கொடுக்கிற வெற்றிலை பாக்குப் பணம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கி அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விதவைக்கும் கைவிடப்பட்டவருக்கும் முன்னுரிமை இருக்கட்டும். அந்தக் கதவைச் சாத்தச் சொல்ல நான் யார்? உள்ளே வந்தவருக்கு ஆயுள் முழுக்க உதவித்தொகைக் கணக்கில் சம்பளம் எழுதுவதுதான் தவறு. டீச்சரின் நியமன ஆணையைப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தார். அதில் 'பணியாளர்' என்று போட்டிருக்கிறது. அடுத்த அறிவிப்பிலாவது அதை 'ஆசிரியர்' என்று திருத்துங்கள். திருத்துகிற கையோடு சம்பளக் கட்டத்தையும் திருத்திவிடுங்கள்.