பத்து வரை சொல்கிற குழந்தைக்கு மூன்று ஏன் தெரியவில்லை?

பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கிற குழந்தையிடம் “மூணு ஸ்பூன் எடுத்துக் கொடு” என்றால், கை நிறைய அள்ளித் தருகிறது. ஏன்?

ஒப்பிப்பது மனப்பாடம், எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரே எண், வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற விதிகளை கெல்மன், கேலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் விளக்கினார்கள். கடைசி விதிதான் கடினம். ஐந்து கோலிகளை எண்ணி முடித்த குழந்தையிடம் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எண்ணின் பெயர், எண்ணி முடித்தவை, மிச்சமிருப்பவை மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு இது பெரிய சுமை.

செகந்தராபாத்தின் மனோவிகாஸ் நகரில், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக 1984-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. அது உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு திறனும் தானாகச் செய்கிறதா, வாயால் சொன்னால் செய்கிறதா, கைபிடித்து உதவ வேண்டுமா என்று குறிக்கப்படுகிறது. இலக்கு எழுதும்போதும் இதே தெளிவு வேண்டும். “எண்கள் கற்பாள்” என்ற இலக்கை எப்படி அளப்பது? “கேட்டால் மூன்று தட்டு எடுத்து வைப்பாள்” என்று எழுதினால் அளக்கலாம்.

பெற்றோர்களே, நூறு வரை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். இன்றிரவு சாப்பாட்டுக்குத் தட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.