நிலத்தைக் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கைப்பொருளும் உடல்வலியும் ஒருசேரக் கரையும் காரியங்கள் இவை இரண்டும் என்பது அதன் கருத்து. இந்தோனேஷியாவில் உள்ள புங்கின் என்னும் சின்னஞ்சிறு தீவில் பிறந்த ஓர் இளைஞனிடம் இப்பழமொழியைச் சொன்னால், "இவ்விரண்டுக்கும் முன்னால் மூன்றாவது ஒன்று இருக்கிறதே!" என்று வியப்பான். அங்கே மணம் முடிக்க வீடு வேண்டும். வீடு கட்ட மனை வேண்டும். மனையோ விலைக்குக் கிடைப்பதில்லை. கடலில் கல்லைக் கொட்டி அவனே அதை உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

"நிலம் இயற்கையின் கொடை, அதன் அளிப்பை மனிதன் கூட்ட இயலாது" என்று பொருளாதார வகுப்பில் நாம் முதலாண்டிலேயே படிக்கிறோம். அந்த இலக்கணத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது போலத் தோன்றும் இத்தீவின் வாழ்வையும், அம்மக்களின் சொத்துரிமையையும், அதன் வருங்காலத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தீவும் மக்களும்

பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு இந்தோனேஷியா. ஜாவாவுக்குக் கிழக்கே பாலி, லொம்போக், சும்பாவா என்று தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. 1815ஆம் ஆண்டில் வெடித்து உலகையே நடுங்கச் செய்த தம்போரா எரிமலை இருப்பது இந்தச் சும்பாவாவில்தான். அதன் வடமேற்குக் கரையோரத்தில், ஆலாஸ் என்னும் ஊரையடுத்துக் கடலுக்குள் அமைந்திருப்பது புங்கின்.

இதன் பரப்பு சுமார் எட்டரை ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 21 ஏக்கர். இதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அதாவது, ஏக்கருக்கு 140 பேருக்கு மேல்! உலகிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் தீவுகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர். கூரையோடு கூரை உரச வீடுகள் நிற்கின்றன. புல் முளைக்கவும் இடமில்லை. எனவே இங்குள்ள ஆடுகள் தாளையும் துணியையும் தின்று பழகிவிட்டன. இதைக் காணவே வெளியூரார் வருவதுண்டு.

இங்கு வாழ்வோர் பஜோ இனத்தவர். இவர்களுடைய முன்னோர் சுலாவேசித் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். இந்தோனேஷியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் கடற்பரப்பிலும் தோணியே வீடாகத் திரிந்தவர்கள் இவ்வினத்தார். மூச்சடக்கி முக்குளிப்பதில் வல்லவர்கள். சுலாவேசியில் வாழும் பஜோக்களின் மண்ணீரல், அருகே நிலத்தில் வாழும் இனத்தாரின் மண்ணீரலைவிடச் சுமார் 50 விழுக்காடு பெரிதாக இருப்பதை 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. கடல் அவர்களுடைய உடலையே மாற்றி அமைத்திருக்கிறது. மீன், சிங்கி இறால், கடலட்டை ஆகியவையே அவர்களுக்கு விளைச்சல்.

மனை பிறக்கும் விதம்

புங்கினில் ஓர் இளைஞனுக்குத் திருமணப் பேச்சு எழுந்தால், அவன் தீவின் விளிம்பில் தனக்கென ஓர் இடம் பார்க்கிறான். நீர் வற்றும் நேரத்தில் தோணியில் சென்று, ஆழமில்லாக் கடலிலிருந்து பவளக் கற்களைச் சேர்த்து வருகிறான். அவற்றை விளிம்பில் கொட்டிச் சுற்றிலும் அணைபோல் அடுக்கி, நடுவை நிரப்பி, அலைமட்டத்துக்கு மேல் உயர்த்துகிறான். உற்றாரும் உறவினரும் கைகொடுப்பர். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. நிரவிய மேட்டின் மீது தூண்களை நட்டு மரவீடு எழும்பும். பின்னரே மணமக்கள் அதில் குடிபுகுவர். இவ்வாறு ஒவ்வொரு திருமணத்தின்போதும் தீவு சிறிது வளர்கிறது.

நில உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் ஒரு விடை கூறினார். இயற்கைப் பொருளோடு மனிதன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுக்கு உடைமையாகிறது என்பது அவர் கொள்கை. லாக்கின் பெயரையே கேட்டிராத புங்கின் மக்கள் அதையே வாழ்ந்து காட்டி வந்திருக்கின்றனர். இதன் சிறப்பு யாதெனில், பணமில்லாதவனுக்கும் அங்கு மனை உண்டு என்பதே. தோணியும் தோள்வலியும் இருந்தால் போதும்.

சட்டத்தின் பார்வை

ஊரார் ஒப்புக்கொண்ட இந்த உரிமையை அரசு எவ்வாறு காண்கிறது? இந்தோனேஷிய அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, நிலமும் நீரும் அரசின் ஆளுகைக்கு உட்பட்டு மக்களின் நலத்துக்குப் பயன்பட வேண்டும் என்கிறது. இதன் வழியில் 1960ஆம் ஆண்டின் ஐந்தாம் எண் சட்டமாக அடிப்படை நிலச் சட்டம் பிறந்தது. அது வகுத்துள்ள உரிமைகளில் தலையாயது 'ஹாக் மிலிக்' எனப்படும் முழு உடைமை. இது வழிவழியாக வரக்கூடியது, காலவரம்பு இல்லாதது. அரசு நிலத்திலோ பிறர் நிலத்திலோ கட்டடம் கட்டிக் குறித்த ஆண்டுகள் அனுபவிக்கும் உரிமையும், வெறும் பயன்பாட்டு உரிமையும் அடுத்த படிகளில் உள்ளவை.

முழு உடைமை இந்தோனேஷியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டார் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பினாமியாக வைத்து வாங்கினால், அப்பரிமாற்றம் செல்லாது. நிலம் அரசைச் சேரும். கொடுத்த பணமும் திரும்பாது என்று 26ஆம் பிரிவு கண்டிப்பாகக் கூறுகிறது. கடற்கரை நிலத்தைப் பணக்கார அந்நியர் விழுங்கிவிடாமல் காக்கும் வேலி இது எனலாம்.

ஆனால், புங்கின் இளைஞனுக்கு எழும் சிக்கல் வேறு. கடற்கரை நீர்ப்பகுதியைத் தூர்த்து உண்டாக்கப்படும் நிலம் நேரே அரசின் ஆளுகைக்கு உட்பட்டது என்று 2004ஆம் ஆண்டின் 16ஆம் எண் அரசு விதி சொல்கிறது. முறைப்படி அனுமதி பெற்றுத் தூர்ப்பவர்களுக்கு உரிமை வழங்க 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் விதி இடந்தருகிறது. பாட்டன் காலம் முதல் கல் சுமந்தவர்களோ அனுமதி என்ற ஒன்றை நினைத்தும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. உயர்ந்த அலை தொடும் இடத்திலிருந்து உள்நோக்கிக் குறைந்தது 100 மீட்டர் கரையோரக் காப்பு நிலமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. புங்கினை ஒரு சதுரமாகக் கொள்வோம். எட்டரை ஹெக்டேர் என்றால் ஒரு பக்கம் சுமார் 290 மீட்டர். நாற்புறமும் 100 மீட்டர் கழித்தால் நடுவில் எஞ்சுவது 90 மீட்டர் சதுரம். அதாவது, தீவில் பத்தில் ஒரு பங்கு! பெருநிலக் கரைகளை எண்ணி இயற்றிய விதி சிறுதீவுக்குப் பொருந்துவது எத்துணை அரிது என்பதற்கு இக்கணக்கே சான்று.

நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. தென்கிழக்குச் சுலாவேசியைச் சேர்ந்த வகாத்தோபித் தீவுகளில், கடல்நீர் மீது வீடமைத்து வாழும் பஜோ குடும்பங்களுக்கு 2022ஆம் ஆண்டில் அரசே நிலச் சான்றிதழ்களை வழங்கியது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

பவளத்தின் கணக்கு

சட்டச் சிக்கல் தீர்ந்தாலும் இயற்கையின் சிக்கல் தீராது. பவளப்பாறை வெறும் கல் அன்று. சின்னஞ்சிறு கடலுயிர்கள் பல நூறாண்டுகள் உழைத்து எழுப்பிய கோட்டை அது. மீனுக்கு அதுவே வீடு. அலைக்கு அதுவே தடுப்பு. அதை அள்ளி மனை கட்டும்போது, வீட்டைப் பாதுகாக்கும் மதிலை உடைத்து வீட்டுக்கு அடித்தளம் போடுவது போலாகிறது. சூழலுக்குக் கேடு விளைய அதை வெட்டி எடுப்பதை 2007ஆம் ஆண்டின் கடற்கரை, சிறுதீவுகள் சட்டம் தடை செய்துள்ளது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

லாக் தம் கொள்கைக்கு ஒரு நிபந்தனையும் விதித்திருந்தார். ஒருவன் எடுத்துக்கொண்ட பின்னும், பிறருக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் மிஞ்ச வேண்டும் என்பது அது. பத்துக் குடும்பங்கள் இருந்த காலத்தில் அந்நிபந்தனை நிறைவேறியது. மூவாயிரம் பேர் வாழும் இன்று அது ஐயத்துக்கு உரியதாகிவிட்டது.

வருங்காலம்

இப்போது சும்பாவாவையும் புங்கினையும் ஒரு சாலை இணைக்கிறது. பவளத்தை விட்டுவிட்டு மலைக்கல்லையும் மண்ணையும் வண்டியில் கொண்டுவர அது வழி திறக்கிறது. பாறை பிழைக்கும், மீனும் பிழைக்கும். ஆனால், கடற்கல் உழைப்புக்குக் கிடைத்தது. மலைக்கல்லோ பணத்துக்குத்தான் கிடைக்கும். இதுவரை ஏழைக்கும் உறுதியாயிருந்த ஒரு மனை, இனிக் காசுள்ளவனுக்கு மட்டும் என்றாகிவிடலாம். அங்கும் ஒருநாள், "மனை வாங்கப் பணமில்லை, மணம் தள்ளிப் போகிறது" என்ற பேச்சு எழக்கூடும்.

ஆகவே, பவளத்தைத் தொடாதே என்று தடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. முன்னோர் கட்டிய மனைகளுக்குச் சான்றிதழும், புதிதாய் மணம் முடிப்போருக்கு மாற்றுக் கல்லோ மாற்று மனையோ தருவதும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும். தடை மட்டும் வந்தால் பாரம் முழுவதும் அடுத்து மணக்க இருக்கும் இளைஞனின் தோளில் விழும்.

நிலத்தின் அளிப்பைக் கூட்ட இயலாது என்ற பாடம் பொய்யாயிற்றோ என்று தொடங்கினோம். ஆழ்ந்து நோக்கினால் பொய்யாகவில்லை. புங்கின் மக்கள் நிலத்தைப் புதிதாகப் படைக்கவில்லை; கடலடியில் இருந்ததை அலைக்கு மேலே இடம் மாற்றினார்கள். அடுத்த முறை வகுப்பில் அந்த இலக்கணத்தை எழுதும்போது, தோணியில் கல் ஏற்றி வரும் அந்த இளைஞனையும் ஒருகணம் நினைத்துக் கொள்வோம்.