இறாலுக்குச் சோதனை உண்டு, ஆற்றுக்கு?

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களிடம் பேச்சு கவுண்டில்தான் தொடங்கும். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதே கவுண்ட். 30 கவுண்ட் என்றால் நல்ல விலை. 100 கவுண்ட் என்றால் தீவனக் கடனை அடைப்பதே பெரும்பாடு. 2009-ல் அனுமதி பெற்ற வனாமி, பழைய டைகர் இறாலை ஓரங்கட்டிவிட்டது. 2023-24-ல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 40,000 கோடிக்கு மேல்.

இவ்வளவு பணம் புரளும் தொழிலில் குட்டைக்காரரின் நிம்மதி, இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கும் ஒரு செக் ட்ரேயில் இருக்கிறது. தட்டைத் தூக்கும்போது தீவனம் மிஞ்சியிருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இறாலுக்கு நோய் வந்துவிட்டதோ என்ற பயம். அந்த நேரத்தில் யாராவது ஆன்டிபயாடிக் பொடியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். துணிச்சல் இல்லையென்றால் பொடியைக் கரைத்து, பசை சேர்த்துத் தீவனத்தில் பிசிறி, நிழலில் உலர்த்தி வீச வேண்டியதுதான்.

ஆனால் நோய்ப்பட்ட இறால்தான் தின்பதில்லையே! தின்னாத தீவனம் அடியில் ஊறி, மருந்து தண்ணீரில் கரைகிறது. தின்ற இறாலின் உடலிலும் முழுதாகச் சேர்வதில்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் பற்றிக்கொள்வதால் பெரும்பங்கு கழிவோடு வெளியேறிச் சேற்றில் படிகிறது. குட்டைகளைச் சூறையாடும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் வைரஸ். வளர்ச்சியை முடக்கும் இ.ஹெச்.பி., பூஞ்சைக்கு நெருங்கிய ஒட்டுண்ணி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இந்த இரண்டையும் ஒன்றும் செய்யாது. கடன் வாங்கிய காசு அப்படியே சேற்றுக்குப் போகிறது.

சேற்றில்தான் உண்மையான வினை. அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகுகின்றன. தாங்கும் திறனுக்கான மரபணுவை அவை வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1992-ல் சென்னையில் புதிய வகைக் காலரா கிருமி ஒன்று கிளம்பியது. அதன் மரபணுத் தொகுதியில் எஸ்.எக்ஸ்.டி. என்ற துண்டு இருந்தது. பல மருந்துகளுக்கான எதிர்ப்பைச் சுமந்துகொண்டு காலரா கிருமியிலிருந்து ஈ.கோலைக்கே அது தாவக்கூடியது என்று 1996-ல் கண்டறிந்தார்கள். காலரா கிருமி விப்ரியோ குடும்பம். இறாலைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் அதே குடும்பம்தான். கழிமுகத்தில் இவை நகரச் சாக்கடையோடும் மருத்துவமனைக் கழிவோடும் வருகிற கிருமிகளுடன் கலந்து வாழ்கின்றன.

ஏற்றுமதி விதிகள் இந்த எதிர்ப்புப் பரவலைப் பார்ப்பதில்லை. 2001-02-ல் ஆசிய இறாலில் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் சிக்கியபின் ஐரோப்பா கெடுபிடியைத் தொடங்கியது. 2016-ல் இந்தியச் சரக்கில் பாதியைச் சோதிக்கத் தீர்மானித்தது. இப்போது அங்கே குளோராம்பெனிக்கால் ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராமை எட்டினாலே சரக்கு நிராகரிக்கப்படும். பத்து டன் கன்டெய்னருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மில்லிகிராம்! இந்தக் கண்டிப்பு நல்லதுதான். அந்த மருந்து அரிதாகச் சிலரின் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். நைட்ரோபியூரான் வகை மருந்துகள் மீதான கண்டிப்புக்குப் புற்றுநோய் அச்சம் காரணம். இரண்டுமே தின்பவரின் உடலைக் காக்கும் விதிகள். மருந்தை நிறுத்திச் சில வாரம் பொறுத்தால் ஆக்ஸிடெட்ராசைக்ளின் எச்சம் இறாலிலிருந்து வடிந்து சோதனையில் தேறிவிடும். சேற்றில் பெருகிய எதிர்ப்புக் கிருமி வடிவதில்லை.

அறுவடை முடிந்ததும் குட்டைநீர் வெள்ளாற்றுக் கழிமுகம் போன்ற இடங்களுக்குத்தான் போகிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் 2005-க்குப் பின் வகுத்த கழிவுநீர் அளவுகோல்களில் கார அமிலத்தன்மை, மிதக்கும் துகள், அம்மோனியா, பாஸ்பேட் எல்லாம் உண்டு. மருந்து எச்சமும் எதிர்ப்பு மரபணுவும் இல்லை. பிச்சாவரம் கால்வாய்களில் இருளர்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சிப்பி கீறிய கை நாளெல்லாம் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. சிதம்பரம் சந்தைக் கூடையில் இருக்கும் இறாலுக்கு ஆய்வகச் சான்று கேட்பாரும் இல்லை. வெளிநாட்டுத் தட்டுக்குக் கிடைக்கும் காவலில் ஒரு பங்காவது இவர்களுக்கு வேண்டாமா?

உணவுக்காக வளர்க்கும் எந்த உயிரினத்துக்கும் குளோராம்பெனிக்காலையும் நைட்ரோபியூரான்களையும் கொடுக்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் மத்திய அரசு அவற்றின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. ஆக்ஸிடெட்ராசைக்ளினோ எச்ச வரம்புக்கு உட்பட்டு அனுமதியில் இருக்கிறது. வெள்ளாற்றின் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961 முதல் இயங்குகிறது. ஆற்றுச் சேற்றை அறுவடைக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதிக்கும் பொறுப்பை அரசு நிரந்தர நிதியோடு அந்த மையத்திடம் கொடுக்க வேண்டும். முடிவுகளைக் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் பேரூராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.