'தொடரும்' போட்டது போதும்!



எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கே பனி இறங்கிவிடும். எதிர்வீட்டு விளக்குகூட மங்கலாகத்தான் தெரியும். கதவைச் சாத்தினால், அப்புறம் வீட்டுக்குள் நான், என் கணவர், மாமியார், மகள் என்று நாலு பேர். ஐந்தாவது ஆள் டி.வி. வீட்டில் இருப்பது ஒரு முன்னறை, ஒரு சமையலறை. அந்த ஐந்தாவது ஆள்தான் முன்னறை முழுவதையும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

சீரியலே பார்க்கக் கூடாது என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. நானே சீரியலோடு வளர்ந்தவள்தான். 'கோலங்கள்' 2003 நவம்பரில் ஆரம்பித்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. வாழப்பாடி பக்கம் எங்கள் அம்மா வீட்டில் அப்போது டி.வி. கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்போம். 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோதுதான் எங்களுக்கென்று ஒன்று வந்தது. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, கல்யாணம் ஆகி மலை ஏறி வந்தேன், பிரசவத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன். 2009 டிசம்பரில் 1533-வது பகுதியோடு 'கோலங்கள்' முடிந்தபோது என் மடியில் ஐந்து மாதக் குழந்தை! என் வாழ்க்கையில் இவ்வளவு நடந்தும், அபியின் கஷ்டம் மட்டும் அதுவரை தீரவில்லை.

அபி பிடிக்காமல் இல்லை. ஒரு பெண் கட்டடத் தொழில் நடத்தி, நாலு ஆண்களை எதிர்த்து நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, எனக்கும் அம்மாவுக்கும் ஒரு தெம்பு வந்தது உண்மை. 'மெட்டி ஒலி'யும் அப்படித்தான். ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்த அப்பா சிதம்பரத்தின் கதை, 2002-இலிருந்து 2005 வரை 811 பகுதிகள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடக்கிற கதை அது. ஆனால் நல்ல கதையாக இருந்தாலும் ஒரு அளவு வேண்டாமா? சாம்பார் நன்றாக இருக்கிறது என்பதற்காக இருபது தடவை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் யார் சாப்பிடுவது?

எங்கள் அம்மா அடிக்கடி சொல்வார்கள், தூர்தர்ஷன் காலத்தில் பதிமூன்று வாரம் என்றால் பதிமூன்று வாரத்தில் கதை முடிந்துவிடுமாம். நீளமாகப் போன ராமாயணமே 1987 ஜனவரியில் ஆரம்பித்து 1988 ஜூலையில், 78 பகுதிகளில் முடிந்தது. ராமர் பதினாலு வருஷம் காட்டுக்குப் போய், சீதையைப் பறிகொடுத்து, கடலில் பாலம் கட்டி, ராவணனை ஜெயித்துத் திரும்ப அத்தனை பகுதி போதும். இந்தக் காலத்து மாமியாரும் மருமகளும் ஒரு சாவிக்கொத்துக்காகச் சண்டை போட்டு முடிக்க அது போதவில்லை!

என் மாமியார் பார்த்த 'சந்திரலேகா' 2014 அக்டோபரில் தொடங்கி 2022 அக்டோபரில்தான் முடிந்தது. 2300 பகுதிகளுக்கு மேல். ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பகுதி அரை மணி என்றால் 1150 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை என்று வைத்தால் 143 நாள் வேலை! அது ஒரே ஒரு தொடருக்கு. எங்கள் வீட்டில் ஆறு மணி முதல் பத்து மணி வரை வரிசையாக எட்டு ஓடியது.

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று யோசித்தால் காரணம் இல்லாமல் இல்லை. விளம்பரம்தான் வருமானம். நன்றாக ஓடுகிற தொடரை நிறுத்திப் புதியதைப் போட்டால், ஜனங்கள் அதைப் பார்ப்பார்களோ மாட்டார்களோ என்று பயம். அதனால் பழைய குதிரையையே ஓடவிடுகிறார்கள். நடிப்பவர், விளக்குப் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், சாப்பாடு போடுபவர் என்று எத்தனையோ குடும்பம் அதை நம்பிப் பிழைக்கிறது. அதையும் மறந்து பேசக் கூடாது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. என் மகள் செல்போனில் தேடிக் காட்டினாள். அமெரிக்காவில் 'கைடிங் லைட்' என்று ஒரு தொடர். 1937-இல் ரேடியோவில் தொடங்கி, 1952-இல் டி.வி.க்கு வந்து, 2009-இல்தான் முடிந்ததாம். 72 வருஷம்! வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து சோப்பு கம்பெனிகள் பணம் போட்டதால்தான் இந்த மாதிரித் தொடர்களுக்கு 'சோப்' நாடகம் என்றே பெயர் வந்ததாம். அங்கேயும் நம்மைப் போன்ற பெண்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் 2024-இல் பத்தாம் வகுப்பு. முன்னறையில் டி.வி. ஓடினால் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள். அங்கே நான் குக்கர் வைத்திருப்பேன். அதனால் வெளித் திண்ணைக்குப் போவாள். ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தப் பனியில் வாசல் விளக்கில் உட்கார்ந்து படிப்பாள். "உள்ள வந்து படியேன்டி, குளிருதே" என்று நான் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன். எழுந்துபோய்க் கூப்பிட்டது இல்லை. ஏனென்றால் அது முக்கியமான கட்டமாக இருக்கும்!

'எதிர்நீச்சல்' ஓடிய சமயம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வீட்டு மருமகள்கள் நாலு பேரும் எப்போது வாசலைத் தாண்டி வெளியே வந்து சொந்தக் காலில் நிற்பார்கள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, சொந்தக்காரர் போனது மாதிரி எங்கள் வீடே சோகமானது. அதற்குப் பிறகும் 2024 ஜூனில் அது முடியும்வரை விடவில்லை. திரையில் இருந்த நாலு பெண்களின் படிப்பு, வேலை பற்றி அவ்வளவு கவலைப்பட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை மறந்துவிட்டேன்.

என் கண்ணைத் திறந்தது ஒரு புயல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் முதல் இரண்டு நாளும் ஏற்காட்டில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஒரே நாளில் 23 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மரங்கள் சாய்ந்து எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. வாடகை ஜீப் ஓட்டும் என் கணவருக்கும் சவாரி இல்லை. நாலு பேரும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தோம்.

முதல் நாள் என் மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏங் கண்ணு, அந்தப் புள்ள விஷம் கலந்த பாலைக் குடிச்சாளா இல்லையான்னு தெரியலையே!" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கரண்ட் போவதற்கு முன் பார்த்த கடைசிக் காட்சி அது.

இரண்டாம் நாள் ராத்திரி என் மகள் சும்மா கேட்டாள், "ஆயா, நீங்க சின்ன வயசுல சாயங்காலம் எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அத்தை பேச ஆரம்பித்தார். சிறு பெண்ணாக எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன கதை. "செவந்த பழமாப் பாத்துப் பறிக்கணும் சாமி. பச்சைக்காய் கலந்துச்சுன்னா மேஸ்திரி வைவாரு." ஒரு பறிப்புக் காலம் முழுவதும் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தாராம், சேலத்துக்குப் போய் ஒரு ஜோடித் தோடு வாங்க. தை மாதம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, அந்தப் பணம் வைத்தியத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து சேர்த்தார். தம்பியையே கூட அழைத்துப் போய்த் தோடு வாங்கினார். "இதுதான் அது" என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

பதினாறு வருஷமாக அந்தத் தோட்டை நான் பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடி, மாத்திரை எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டது இல்லை. சந்திரலேகாவின் குடும்பக் கதை எனக்கு அத்துப்படி. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவரின் கதை தெரியாது. அத்தை சொன்ன கதை அன்று ராத்திரியே முடிந்தும் போனது. 'தொடரும்' போடவில்லை.

அடுத்த நாள் என் மகள் அந்த விளக்கிலேயே அறிவியல் படித்தாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் நிமிர்ந்து, "அம்மா, நான் படிக்கறது இப்பத்தான் என் காதுலயே விழுது" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நாலாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. அத்தை ஓடிப்போய் டி.வி.யைப் போட்டார். அந்தப் பெண் பால் டம்ளரைக் கையில் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்! மூன்று பேர் முகத்தை மாறி மாறிக் காட்டினார்கள், பின்னால் இடி இடித்தது. என் கணவர், "அந்தப் பால் இந்நேரம் தயிரா ஆகியிருக்கும்" என்றார். முதலில் சிரித்தது என் மாமியார்தான்.

அன்றைக்கே எல்லோருமாகப் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். பள்ளிக்கூட நாட்களில் ஆறு முதல் எட்டரை வரை டி.வி. கிடையாது. அதற்குப் பிறகு அத்தைக்கு ஒரு தொடர், எனக்கு ஒன்று. மற்ற ஆறையும் விட்டாச்சு. ஆசை தாங்காவிட்டால் சனிக்கிழமை மட்டும் பார்ப்போம். நீங்களும் செய்து பாருங்கள், ஐந்து நாள் கதை ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். என் கணவர் பார்க்கும் செய்தி விவாதத்துக்கும் இதே சட்டம்தான். அதுவும் முடிவே இல்லாத தொடர்தானே!

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் அத்தை முகம் வாடித்தான் இருந்தது. வயதானவர்களுக்கு டி.வி. ஒரு பேச்சுத் துணை. அதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும். அதனால் அந்த நேரத்தில் சமையலறையில் அத்தையை மணை போட்டு உட்காரவைத்து, மெல்லப் பேசிக்கொண்டே வேலையை முடிக்கிறேன். முன்னறை முழுவதும் மகளுக்கு. 2025 மே மாதம் ரிசல்ட் வந்தது. மாவட்டத்தில் முதல் இடம் எல்லாம் இல்லை. ஆனால் பயந்துகொண்டிருந்த கணக்கில் நல்ல மார்க், மேலே படிக்கிறாள். நான் நின்ற படியை அவள் தாண்டிவிட்டாள், அது போதும் எனக்கு.

தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை பகுதியில் முடிப்போம் என்று முதலிலேயே சொல்லி ஆரம்பியுங்கள். 'அடடா, முடிஞ்சுடுச்சே' என்று நாங்கள் வருத்தப்படும்போதே முடியுங்கள். 'எப்படா முடியும்' என்று கேட்கும்வரை வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கதையின் பெயர் அதனால்தான் கெடுகிறது.

தோழிகளே, யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கைச் சில வீடுகளில் மட்டும் கருவி வைத்துத்தான் எடுக்கிறார்களாம். அதனால் என் வீட்டில் நான் டி.வி.யை நிறுத்தினால் எந்தத் தொடரும் நின்றுவிடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் வீட்டு முன்னறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. திண்ணையில் பனியில் படித்த பெண் உள்ளே வந்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் ரிமோட்டை எடுக்கும் முன்னால், உங்கள் வீட்டில் யார் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

– ஒரு வாசகி, ஏற்காடு.